பாஸ்கராசாரியரும் பின்னக் கணக்கும்

விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியராகிய யாம் புலவர் ஒருவரையோ சமயகுரவர் ஒருவரையோ தேர்ந்தெடுப்போம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் தேர்ந்தவரோ ஒரு கணிதர். இதற்கு ஒரு காரணம் உண்டு. அது எமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் பழைய மாணவர்களிடத்தில் மறைப்பதற்கு என்ன இருக்கின்றது?

சில ஆண்டுகளுக்கு முன் கணித ஆசிரியர் ஒருவர் ஒரு தவணை முழுவதும் விடுமுறையில் நின்றார். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் பெற்றவர் எதனையும் கற்பிக்க வல்லவர் என்னும் நம்பிக்கையால், எட்டாம் வகுப்பின் கணக்குப் பாடம் எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. பயிற்சி நூலில் ஒரு கணக்கு வந்தது. யாத்திரிகன் ஒருவன் தன் பொருளிற் பாதியைப் பிரயாகையிற் கொடுத்தான். எஞ்சியதில் ஒன்பதில் இரண்டு பங்கைக் காசியிற் கொடுத்தான். மேலும் எஞ்சியதிற் காற்பங்கு வழிச் சுங்கமாயிற்று. அதன்பின் எஞ்சியதிற் பத்தில் ஆறு பங்கைக் கயையிற் கொடுத்தான். 63 நாணயங்களோடு வீடு திரும்பினான். அவன் கொண்டுசென்ற பொருள் யாது என்பதே வினா. யாம் தயங்காது 1/2, 2/9, 1/4, 6/10 என நான்கு பின்னங்களையும் கரும்பலகையில் எழுதி, பொதுப் பகுதியெண் 180 எனக் கண்டு, கூட்டி முடித்தோம். 283/180 என வந்தது. முன்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, மிக்க பணிவோடு, அந்த யாத்திரிகன் வழியில் எவரிடமாவது கடன் வாங்கினானோ என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. யாமும் சிரித்தோம். வேறு என்ன செய்வது?

அன்றிரவு அக்கணக்கின் பிறப்பிடத்தைத் தேடியபோதுதான், அது எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முதுமையுடையது என்பதும், லீலாவதி என்னும் நூலில் உள்ளது என்பதும், யாம் இழைத்த பிழையை அந்நூலாசிரியர் முன்னரே எதிர்பார்த்து அதற்கென ஒரு தனிவிதி வகுத்துவைத்துள்ளார் என்பதும் எமக்குத் தெரியவந்தன. அந்நூலாசிரியரே பாஸ்கராசாரியர். ஆரியபடீயத்துக்கு உரைகண்ட மற்றொரு பாஸ்கரர் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தாராதலின், இவரை இரண்டாம் பாஸ்கரர் என்பர்.

அவர் பிறந்தது சகாப்தம் 1036, அதாவது கி.பி. 1114ஆம் ஆண்டு. தாம் பிறந்த ஆண்டினையும் நூலியற்றிய வயதினையும் அவரே தமது நூலிற் குறித்துவைத்தமையால் இது நமக்குத் துணிபாகத் தெரிகின்றது. நம் நாட்டுப் பண்டைப் பெரியார் பலரின் காலத்தைப் பற்றி அறிஞர்கள் ஓயாது வாதிட்டுக்கொண்டிருக்க, இக்கணிதர் அத்தொல்லையை நமக்கு வைக்கவில்லை. தமிழ்நாட்டில் முதலாம் குலோத்துங்க சோழன் ஆட்சி புரிந்த காலம் அது. தம் ஊர் சஹ்யமலைச் சாரலில் உள்ள விஜ்ஜடவிடம் என்றும், தம் கோத்திரம் சாண்டில்யம் என்றும், தந்தையார் மகேசுவரர் என்றும் அவர் கூறுகின்றார். உஜ்ஜயினி வானாராய்ச்சிக் கூடத்துக்கு அவர் தலைவராயிருந்தார் எனப் பாடநூல்கள் பல எழுதிச் செல்கின்றன. அவர் தம்மைப் பற்றிக் கூறியவற்றில் அவ்வாறான செய்தி இல்லை.

குடிப்பிறப்பைக் கூறுவது வரலாறு எழுதுவோரின் வழக்கம். இவர் திறத்தில் அது வெறும் வழக்கமன்று. இவருடைய முன்னோருள் ஒருவர் போசராசனிடமிருந்து வித்தியாபதி என்னும் பட்டம் பெற்றவர். தந்தையாராகிய மகேசுவரர் சோதிட நூல்வல்லவர்; பாஸ்கரருக்கு ஆசிரியரும் அவரே. தந்தை மகனுக்கும் மகன் தன் மகனுக்குமாகக் கல்வியைக் கைமாற்றி வந்த குடும்பம் அது. இதனை இங்கே வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

1150ஆம் ஆண்டில், தமது 36ஆம் வயதில், அவர் சித்தாந்த சிரோமணி என்னும் பெருநூலை இயற்றினார். லீலாவதி, பீசகணிதம், கிரககணிதம், கோளாத்தியாயம் என அது நான்கு பகுதிகளையுடையது. முதலிரண்டும் தனிநூல்கள் போலவே பயிலப்பட்டு வந்தன. லீலாவதி எண்கணிதமும் அளவையும் பற்றியது, பீசகணிதம் இக்காலத்தில் அட்சரகணிதம் என நாம் வழங்குவது, பின்னிரண்டும் வானநூல்.

லீலாவதியை முதன்முறை கையிலெடுக்கும் தமிழாசிரியர் எவரும் ஒரு கணம் மயங்குவர். கணக்கு நூலைத் திறந்தோமா, காவியத்தைத் திறந்தோமா என்னும் ஐயம் எழும். அங்கே வண்டுக் கூட்டம் ஒன்று வருகின்றது. அதில் ஐந்திலொரு பங்கு கடம்பினை நாடுகின்றது; மூன்றிலொரு பங்கு சிலீந்திரப் பூவை நாடுகின்றது; இவ்விரு பங்குகளின் வேறுபாட்டை மும்மடங்காக்கிய தொகை வெட்பாலைக்குச் செல்கின்றது; எஞ்சிய ஒரேயொரு வண்டு தாழையின் மணமும் மல்லிகையின் மணமும் இருபுறமும் இழுக்க வானில் அலமருகின்றது. வண்டுகள் எத்தனை? கடம்பையும் தாழையையும் பாட்டிலே கண்டு பழகிய எமக்கு, அந்த ஒற்றை வண்டின் நிலையே முதலில் மனத்தைக் கவர்ந்தது. பின்னரே கணக்கைப் பார்த்தோம். பொதுப் பகுதியெண் 15. கடம்புக்கு 3, சிலீந்திரத்துக்கு 5, வேறுபாடு 2 மும்மடங்காகி 6. ஆக 14 பங்கு போயிற்று. எஞ்சிய ஒரு பங்கே அந்த ஒரு வண்டு. ஆகவே வண்டுகள் 15.

பின்னங்களை ஒரே பகுதியெண்ணுக்குக் கொணர்வதைச் சமச்சேதம் என்பர். ஒரு பின்னத்தின் பகுதியெண்ணால் மற்றதன் தொகுதியெண் பகுதியெண் இரண்டையும் பெருக்குதல் பொதுவிதி. அதனோடு அவர் அமையவில்லை. பகுதியெண்களைப் பொதுக் காரணியாற் சுருக்கிக்கொண்டு, சுருங்கிய எண்களால் மாறிப் பெருக்குதலே அறிவுடையோர் செயல் என்றும் சேர்த்துக் கூறுகின்றார். பொது மடங்குகளுட் சிறியதை நாம் தேடுவது இதன்பொருட்டே. இம்முறை அவர் கண்டுபிடித்ததன்று. கன்னட நாட்டில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீராசாரியர் என்னும் சமண கணிதர் பொது மடங்குகளுட் சிறியதைக் கொண்டு பின்னங்களை ஒருமைப்படுத்தும் முறையைத் தமது கணிதசார சங்கிரகத்தில் விளக்கியுள்ளார். முன்னோர் பொருளை எடுத்து அடைவுபடுத்தி, கற்பவன் மனத்தில் நிற்கும்படி உரைத்தமையே பாஸ்கரரின் சிறப்பு. அது சிறிய சிறப்பு என்று எண்ணுபவர் ஒரு தவணையாவது எட்டாம் வகுப்பிற் கற்பித்துப் பார்ப்பாராக.

நம் முன்னோரும் இத்துறையில் வறியரல்லர். பழைய திண்ணைப் பள்ளியில் எண்சுவடி பயின்றோர் கீழ்வாயிலக்கத்தை மனனஞ் செய்தனர். அங்கே முந்திரி என்பது 1/320. காணி 4 முந்திரி; மா 16 முந்திரி; அரைக்கால் 40 முந்திரி; கால் 80 முந்திரி. எல்லாம் ஒரே பகுதியெண்ணின்மேல் நிற்கின்றன. பிள்ளைகள் பொதுப் பகுதியெண் என்னும் பெயரைக் கேளாமலே அதனைக் கையாண்டனர். ஆயின் மூன்றிலொன்று என்றவுடன் முந்திரி கைவிட்டுவிடுகின்றது. 320ஐ மூன்றாற் சரியாகப் பிரித்தல் இயலாதன்றோ? கணக்குக்குக் கணக்கு வேறு பகுதியெண்ணைத் தேடவேண்டிய தேவை அங்கேதான் பிறக்கின்றது.

இனிச் சமன்பாட்டுக்கு வருவோம். லீலாவதியில் வேறொரு கணக்கு உண்டு. சைவப் பிள்ளைகளுக்கு அதனைவிட ஏற்றது வேறில்லை என்பது எம் கருத்து. தூய தாமரை மலர்க் குவியல் ஒன்றில் மூன்றிலொரு பங்கு முக்கண்ணனாகிய சிவபிரானுக்கும், ஐந்திலொரு பங்கு திருமாலுக்கும், ஆறிலொரு பங்கு சூரியனுக்கும், காற்பங்கு தேவிக்கும் சாத்தப்பட்டன. எஞ்சிய ஆறு மலர்கள் குருவின் பாதத்தில் இடப்பட்டன. மலர்களின் தொகை யாது? தொகையைக் க எனக் கொண்டால்,

க/3 + க/5 + க/6 + க/4 + 6 = க

என ஆகும். 3, 5, 6, 4 ஆகியவற்றின் பொது மடங்குகளுட் சிறியது 60. இருபுறத்திலும் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் 60ஆற் பெருக்கினால், 20க + 12க + 10க + 15க + 360 = 60க. அதாவது 57க + 360 = 60க. ஆகவே 3க = 360; க = 120. சிவபிரானுக்கு 40, திருமாலுக்கு 24, சூரியனுக்கு 20, தேவிக்கு 30, குருவுக்கு 6. கூட்டிப் பார்த்தால் 120.

மாணவர் தவறுவது எங்கே என்பதை அத்தவணையில் நன்கு கண்டோம். பின்னங்களை மட்டும் 60ஆற் பெருக்கிவிட்டு, பின்னமல்லாத 6ஐ அப்படியே விட்டுவிடுவர். பின்னமில்லாத இடத்தில் பகுதியெண்ணுக்கு என்ன வேலை என்பது அவர்கள் எண்ணம். அவ்வாறு செய்தால் 57க + 6 = 60க என்றாகி, மலர்கள் இரண்டே என விடை வரும். இரண்டு மலரில் ஆறு மலரைக் குருவுக்கு இட்ட அடியவரின் பக்தியை என்னென்பது! தராசின் இரு தட்டிலும் உள்ள ஒவ்வொரு பொருளையும் அறுபது மடங்காக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் தட்டுச் சாயும் என்று கூறியபின் பலர் தெளிந்தனர்.

பாஸ்கரர் இதனை லீலாவதியில் எழுத்துக்களைக் கொண்டு செய்யவில்லை. இட்டகருமம் என்னும் முறையாற் செய்தார். விரும்பிய ஓர் எண்ணை விடையென இட்டுக்கொள்ள வேண்டும். 60 என இட்டோம் என்க. பங்குகள் 20, 12, 10, 15 ஆகப் போக, எஞ்சுவது 3. ஆனால் எஞ்சவேண்டியது 6. ஆகவே இட்ட எண்ணை 6ஆற் பெருக்கி 3ஆற் பிரித்தால் 120 வரும். எந்த எண்ணையும் இடலாம். எனினும் பொதுப் பகுதியெண்ணை இட்டால் வழியிற் பின்னமே தலைகாட்டாது. எழுத்துக்கு அஞ்சும் பிள்ளைக்கு இம்முறையை முதலிற் காட்டி, பின்னர்ச் சமன்பாட்டைக் காட்டினால் அச்சம் குறைவதை யாம் கண்டோம்.

இனி எம்மை நாணச் செய்த யாத்திரிகனிடம் மீள்வோம். தாமரைக் கணக்கிற் பங்குகள் யாவும் ஒரே குவியலின் பங்குகள். ஆதலால் அவற்றை ஒரு பகுதியெண்ணுக்குக் கொணர்ந்து கூட்டலாம். யாத்திரிகன் கொடுத்தவையோ எஞ்சியதன் பங்குகள். ஒவ்வொரு தலத்திலும் முழுமை என்பது வேறுபடுகின்றது. அவற்றைக் கூட்டலாகாது. எஞ்சுவனவற்றைப் பெருக்க வேண்டும். பாதி எஞ்சிற்று, அதில் ஒன்பதில் ஏழு, அதில் முக்கால், அதிற் பத்தில் நான்கு. பெருக்கினால் 84/720, அதாவது 7/60. ஏழு பங்கு 63 எனின், ஒரு பங்கு 9. அறுபது பங்கு 540. பிரயாகையில் 270, காசியில் 60, சுங்கம் ஐம்பத்திரண்டரை, கயையில் தொண்ணூற்றுநான்கரை, கையில் 63. கடன் ஒன்றும் இல்லை. மறுநாட் காலை முதற்பாட வேளையிலேயே இதனை அவ்வகுப்பிற் கரும்பலகையில் எழுதி, எமது பிழையையும் பக்கத்தில் எழுதி, கேள்வி கேட்ட மாணவனையே இரண்டையும் ஒப்பிடச் செய்தோம்.

இந்த வேற்றுமையைப் பாஸ்கரர் மாணவனின் தலையில் திணிக்கவில்லை. சிரிக்கச் செய்து உணர்த்துகின்றார். பங்கின் பங்கு என்னும் வகைக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு ஓர் உலோபியைப் பற்றியது. இரந்து நின்றவனுக்கு அவ்வுலோபி ஒரு திரம்மத்தின் பாதியில், மூன்றில் இரண்டு பங்கில், முக்காலில், ஐந்திலொன்றில், பதினாறிலொன்றிற் காற்பங்கு கொடுத்தானாம். கேட்க எத்துணைப் பெரிய கொடை! பெருக்கிப் பார்த்தால் 1/1280 வருகின்றது. ஒரு திரம்மம் 16 பணம். ஒரு பணம் 4 காகிணி. ஒரு காகிணி 20 சோழி. ஆகவே அவ்வள்ளல் வழங்கியது சரியாக ஒரு சோழி. இக்கணக்கை ஒருமுறை செய்த பிள்ளை, எதன் பங்கு என்னும் கேள்வியைக் கேளாமற் பின்னத்தைத் தொடமாட்டான். யாம் சிறுவராயிருந்த காலத்தில் இதனை எவரேனும் எமக்குச் சொல்லியிருந்தால், முன்வாங்கு மாணவனுக்கு அன்று வேலை இருந்திராது.

பீசகணிதத்தில் நாம் அறிந்த சமன்பாடு தெளிவாகவே வந்துவிடுகின்றது. அறியாத தொகைக்கு யாவத்தாவத் என்று பெயர். எவ்வளவோ அவ்வளவு என்பது பொருள். அறியாத தொகைகள் பலவாயின், கருமை, நீலம், மஞ்சள், செம்மை என நிறங்களின் பெயரை இடுவர். குறையெண்ணின்மேல் ஒரு புள்ளி வைப்பர். பின்னத்தில் தொகுதியெண்ணை மேலும் பகுதியெண்ணைக் கீழும் எழுதுவர். இடையில் நாம் இடும் கோடு அப்போது இல்லை. பூச்சியத்தைப் பகுதியெண்ணாகவுடைய பின்னத்தையும் அவர் எடுத்து ஆராய்கின்றார். அதனோடு எதனைக் கூட்டினும் கழிப்பினும் அது மாறாது என்றும், உலகங்கள் தோன்றும்போதும் ஒடுங்கும்போதும் மாறுபாடின்றி நிற்கும் அனந்தனாகிய அச்சுதனைப் போன்றது அது என்றும் விளக்குகின்றார். இக்காலக் கணிதர் பூச்சியத்தாற் பிரித்தலை ஏற்பதில்லை. அதனை நாம் மாணவருக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஆயினும் அந்த உவமையையும் சேர்த்துச் சொல்வதில் தவறில்லை.

அவருடைய வானநூற் பகுதிகளைப் பற்றி விரித்துரைக்க எமக்கு அறிவு போதாது. பூமி உருண்டையானது என்றும், எதன்மேலும் தாங்கப்படாமல் தன் ஆற்றலாலே நிற்கின்றது என்றும் அவர் நிறுவும் நியாயம் மட்டும் எம் மனத்தைவிட்டு அகலாதது. பூமியைத் தாங்க ஒன்று வேண்டுமெனின் அதனைத் தாங்க மற்றொன்று வேண்டும். இறுதியில் ஒன்று தானே நிற்குமெனின், முதலில் உள்ள பூமியே தானாக நின்றால் என்ன என்பது அவர் வாதம். 1183ஆம் ஆண்டில், அறுபத்தொன்பது வயதளவில், கரணகுதூகலம் என்னும் கைந்நூலையும் இயற்றினார். கோள்நிலைகளை எளிதிற் கணித்தற்கு உதவுவது அது.

லீலாவதி என்பது அவர் மகளின் பெயர் என்றும், அவள் மணம் ஒரு முகூர்த்தத்திலன்றி நிகழலாகாது என்று கண்ட தந்தையார் நாழிகை வட்டிலை நீரில் மிதக்கவிட்டார் என்றும், எட்டிப் பார்த்த சிறுமியின் அணியிலிருந்து முத்தொன்று நழுவி வட்டிலின் துளையை அடைக்க முகூர்த்தம் கழிந்தது என்றும், அவள் துயராற்றவே இந்நூலுக்கு அவள் பெயரை இட்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. யாமும் சிறுவயதில் அதனைக் கேட்டு இரங்கினோம். அக்பர் சக்கரவர்த்தியின் ஆணையால் 1587இல் லீலாவதியைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்த பைசி என்னும் புலவரின் முன்னுரையில் வருவது அது. பாஸ்கரரின் நூல்களில் அது இல்லை. நூலிலோ ஓரிடத்திற் சிறுமி, ஓரிடத்தில் தோழன், ஓரிடத்தில் வணிகன் எனப் பலரும் விளிக்கப்படுகின்றனர். ஒரு மகளுக்காகவே எழுதிய நூலாக எமக்குத் தோன்றவில்லை. கதையின் அழகு வேறு, சான்று வேறு.

சான்றுள்ள செய்தி அதனினும் எம் மனத்தைத் தொடுவதாகும். பாஸ்கரரின் மைந்தர் இலக்குமீதரர் யாதவ அரசனாகிய சைத்திரபாலனால் மதிக்கப்பெற்றார். இலக்குமீதரரின் புதல்வர் சங்கதேவர் சிங்கண மன்னனின் அவையில் தலைமைச் சோதிடராயிருந்தார். அவர் தமது பாட்டனாரின் நூல்களைக் கற்பிப்பதற்கென்றே ஒரு மடம் நிறுவினார். சித்தாந்த சிரோமணியும் அக்குடும்பத்தார் இயற்றிய பிற நூல்களும் அங்கே பாடமாக ஓதப்படல் வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மடத்துக்கு 1207ஆம் ஆண்டில் நிவந்தம் அளிக்கப்பட்டது. தம் முன்னோருக்குக் கோயில் எடுத்தவரை நாம் அறிவோம்; ஒரு கணக்கு நூலின்பொருட்டுப் பள்ளி எடுத்தவர் இவர்.

நூலும் அம்மடத்தோடு நின்றுவிடவில்லை. 1545இல் கணேச தைவக்ஞர் லீலாவதிக்குப் புத்திவிலாசினி என்னும் உரையை இயற்றினார். 1634இல் பீசகணிதம் பாரசீக மொழிக்குச் சென்றது. 1816இல் பம்பாயில் ஜோன் டெயிலரும், மறுஆண்டில் இலண்டனில் கோல்புறூக்கும் லீலாவதியின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை வெளியிட்டனர். எமது வகுப்பின் பயிற்சி நூலுக்கு யாத்திரிகன் எவ்வழியாக வந்து சேர்ந்தானோ அறியோம். ஆசிரியர் பெயரை வழியில் எங்கோ தொலைத்துவிட்டு வந்தான்.

சங்கதேவரின் கல்வெட்டு கீழைக் கான்தேசத்துச் சாலிஸ்காமுக்கு அண்மையில், பாடண் என்னும் பாழூரில், ஒரு பழைய பவானி கோயிலில் இருந்தது. பம்பாய் வைத்தியரும் ஆராய்ச்சியாளருமான பாவு தாஜி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அதனைப் படித்து வெளிப்படுத்தினார். வடமொழிச் செய்யுளாகத் தொடங்கும் அக்கல்வெட்டின் இறுதிப்பகுதி பழைய மராத்தியில் உள்ளது. ஊர்ச் சந்தையில் விற்கும் சரக்கின்மேல் எவ்வளவு, செக்கிலாடும் எண்ணெயில் எவ்வளவு மடத்துப் பிள்ளைகளின் கல்விக்குச் சேரவேண்டும் என அங்கே பங்கு பங்காகக் குறிக்கப்பட்டிருக்கின்றது.